பூங்காச் சரிவும் விலாயத்தி கீக்கரும்: தில்லி வாசகர்களுக்குப் பதில்கள்

சென்ற இதழில் தில்லி மேட்டு நிலத்துச் செடிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எங்கள் காலனிப் பூங்காவிலும் இப்படி ஒரு சரிவு கேட்பாரற்றுக் கிடக்கிறது, நாங்களே இறங்கி அந்த ஊர்ச் செடிகளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று. அதனால் இந்த முறை ரோஜாவுக்கும் மணி பிளான்ட்டுக்கும் லீவு.

மேடம், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) பூங்கா இருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு பாறைச் சரிவு, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விலாயத்தி கீக்கரும் (சீமைக் கருவேலம்) உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கின்றன, நடுவில் யாரோ கொட்டிவிட்டுப் போன மல்பா, அதாவது கட்டட இடிபாடு வேறு. நாங்கள் ஒரு பதினைந்து பேர், பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்யத் தயார். ஜூலை மழைக்குள் எல்லாவற்றையும் வழித்துச் சுத்தம் செய்துவிட்டு இருநூறு கன்று நடலாம் என்று திட்டம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, வசந்த் குஞ்ச்

அந்த 'எல்லாவற்றையும் வழித்து' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். சமதளமாக இருந்தால் செய்துவிட்டுப் போங்கள் என்பேன். சரிவு அப்படி இல்லை. தில்லியின் ஆண்டு மழையில் முக்கால்வாசிக்கு மேல் ஜூன் கடைசிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடும், புதர் இல்லாத வெற்றுச் சரிவில் அந்த மழை விழுந்தால் மேல்மண் முழுக்கக் கீழே நடைபாதையில் வந்து கிடக்கும். குவார்ட்சைட் பாறைக்கு மேலே மண் இருப்பதே பல இடங்களில் ஒரு சாண்தான், அதுவும் போய்விட்டால் பிறகு எதை நடுவது, எதில் நடுவது? உண்ணிச்செடி அயல் செடிதான், தொல்லைதான், ஆனால் இன்றைய தேதிக்கு உங்கள் சரிவைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலையிலிருந்து அனுப்ப வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கடிதம் எழுத வேண்டும். பூங்கா யாருடையதோ அந்தத் தோட்டக்கலைப் பிரிவுக்கு எந்த இடம், என்னென்ன செய்வீர்கள், யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையால் வரைந்த வரைபடத்தோடு கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையாகச் சரி என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனால் உங்கள் கன்றுகளும் அநாதை. உங்கள் சரிவு ரிட்ஜ், அதாவது தில்லிக்குள் நீளும் அரவல்லிப் பாறை மேட்டின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். 1994-இல் அறிவிக்கப்பட்ட ரிட்ஜ் காட்டுக்குள் வந்தால் அது வனத்துறை விவகாரம், அங்கே அவர்கள் கூப்பிட்டால் தவிர நாம் மண்வெட்டியோடு நுழையக் கூடாது. அப்புறம் பூங்காவின் மாலி, அதாவது தோட்டக்காரர். ஆர்.டபிள்யூ.ஏ. (குடியிருப்போர் சங்கம்) தலைவரைவிட அவர்தான் உங்களுக்கு முக்கியம், தண்ணீர் எங்கே தேங்குகிறது, மாடு எந்த வழியாக ஏறுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மழைக்காலம் புல்வெட்டும் மிஷினோடு வந்த புது ஆள், களை என்று நினைத்து ஒரு வரிசைக் கன்றைச் சீவிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சரி, அனுமதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஞாயிற்றுக்கிழமை அரிவாளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பழைய புடவைக் கரை ஒன்றைக் கிழித்து எடுத்துப் போங்கள், சிவப்பாக இருந்தால் நல்லது. உண்ணிச்செடிப் புதரைக் கையுறை போட்ட கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் ஏற்கெனவே நல்ல செடிகள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். இந்தப் பாறைச் சரிவுகளில் அநேகமாக எப்போதும் இருக்கும்: ஒரு ஆடாதோடை, ஜட்பேரி என்கிற குட்டை இலந்தை, ஹீன்ஸ் என்று இங்கே சொல்கிற தொரட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வன்னிக் கன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கி நடப்போகிற எந்தக் கன்றையும்விட இவை உறுதியானவை, வேர் ஏற்கெனவே பாறை இடுக்குக்குள் போயாயிற்று. மேலே இருக்கிற புதரை எடுத்தால் போதும், இரண்டு மழையில் நிமிர்ந்துவிடும்.

வெட்டுவது மேலிருந்து கீழாக, சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக. இரண்டு ஆள் நீள அகலத்தில் ஒரு பட்டையைச் சுத்தம் செய்தால் அதற்குக் கீழே அதே அளவு பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள், மேலிருந்து வரும் மண்ணை அது தாங்கிக்கொள்ளும். விட்ட பட்டையில் கை வைப்பது, சுத்தம் செய்த பட்டையில் புல் பிடித்த பிறகு, அடுத்த வருடம். உண்ணிச்செடியை அரிவாளால் தரையோடு அரிந்தால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு சொன்ன முறை எளிமையானது: தண்டு வேராக மாறும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில், மண்வெட்டியால் ஆணிவேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவது. துளிர்க்கிற பகுதி காற்றில் காய்ந்து செத்துப்போகும், மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். ஈர மண்ணில் தண்டு படிந்து கிடந்தால் திரும்ப வேர்விடும் என்பதால் பாறை மேலோ இன்னொரு புதர் மேலோ வேர் வானத்தைப் பார்க்கப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினால் அதுவே மண் தடுப்பு. கொளுத்த வேண்டாம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் சொன்னபடி குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், பெரிய அளவில் எரித்தால் 25,000. புகையைப் பற்றித் தில்லிக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மல்பாவில் டைல்ஸ், சிமென்ட் கட்டி, கம்பி எல்லாம் இருக்கும், அதைத் தூக்க நகராட்சி வண்டிக்கு எழுதிக் கேளுங்கள். சிமென்ட் தூள் கலந்த மண் காரத்தன்மை ஏறிப்போய்விடும், அங்கே நட்ட கன்று மஞ்சளாகவே நிற்கும், அதனால் தூளையும் வழித்து அனுப்பிவிடுங்கள். ஆனால் ஊர்ப் பாறைக் கற்களை ஒன்றுகூட வெளியே விடாதீர்கள், பிறகு கன்றைச் சுற்றி அடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த இருநூறு. பதினைந்து பேருக்கு முதல் வருடம் நாற்பது கன்று போதும். ஏன் என்பது கீழே முனிர்கா வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

அக்கா, விலாயத்தி கீக்கர் என்பது நம்ம ஊர் சீமைக் கருவேலம்தானே? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும் எங்கள் மாவட்டத்தில் ஜே.சி.பி. வைத்துத் தோண்டினார்கள். இங்கேயும் ஒரேயடியாக வெட்டிவிட்டால் என்ன? எங்கள் குழுவில் ஒரு அம்மா, வெட்டக் கூடாது, அது வன்னி என்று ஒரு மரத்தைக் காட்டிச் சண்டை போடுகிறார். எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஆர்.கே. புரம்

அதே மரம்தான். மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, தில்லி ரிட்ஜில் வெள்ளைக்காரன் காலத்தில் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்டார்கள், பிறகு நடவே வேண்டியிருக்கவில்லை. வன்னி அதற்குச் சொந்தக்கார மரம், அதனால்தான் குழப்பம். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அதே வன்னி. ராஜஸ்தானில் கேஜ்ரி, தில்லி-ஹரியானாப் பக்கம் ஜாண்ட். அந்த அம்மா சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், எதற்கும் ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம்.

கீக்கரில் முள் இலை புறப்படுகிற கணுவில் இருக்கும், பெரும்பாலும் இரண்டிரண்டாக, நீளமாக, செருப்பைத் துளைக்கிற மாதிரி. கிளையும் கணுவுக்குக் கணு இடமும் வலமுமாக ஒடிந்து ஒடிந்து போகும். வன்னியில் முள் குட்டை, அடி பருத்து நுனி கூர்ந்திருக்கும், கணுவில் இல்லாமல் இரண்டு கணுக்களுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருக்கும். முள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிக்குக் காயைப் பாருங்கள். கீக்கர் காய் தடிமனாக, மஞ்சளாக, சதைப்பற்றோடு இனிக்கும், ஆடு மாடு விரும்பித் தின்னும், விதை சாணத்தோடு வெளியே வந்து ஊரெல்லாம் முளைக்கும். வன்னிக்காய் மெலிந்து உருண்டு பென்சில் மாதிரி தொங்கும். ராஜஸ்தானி சாப்பாட்டில் கேர்-சாங்கரி சாப்பிட்டிருந்தால் சாங்கரி என்பது அந்தக் காய்தான்.

வெட்டுவதற்கு வருகிறேன். தில்லியில் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. குறுக்களவும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் சட்டப்படி அது மரம், மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அயல் மரம், ஊர் மரம் என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது, கிளை கழிப்பதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள். சட்டத்தை விட்டுவிட்டாலும், தரையோடு வெட்டின கீக்கர் அடுத்த மழையில் ஐந்தாறு தண்டாகக் கிளம்பும். சாகடிக்க வேண்டுமென்றால் ஒரு அடி ஆழம் தோண்டி மொட்டுப் பகுதிக்குக் கீழே வேரை அறுக்க வேண்டும். சரிவில் மரத்துக்கு மரம் ஒரு அடிக் குழி என்றால் மிச்சமிருக்கிற மண்ணும் கிளம்பிவிடும்.

அதனால் தன்னார்வலர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பெரிய மரங்களை விட்டுவிடுங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கீக்கர் நாற்றுகளை வேரோடு பிடுங்குங்கள், விரல் கனம் வரை கையால் வரும். பழுத்து விழுகிற காய்களைச் சாக்கில் பொறுக்கி வெளியேற்றுங்கள், மாடு முந்திக்கொள்வதற்குள். அதிகாரி சம்மதித்தால் கீழ்க் கிளைகளைத் தூக்கிக் கழித்து, உள்ளே வெயில் இறங்கச் செய்து, அந்த நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் ஊர்க் கன்றுகளை நடலாம். தில்லியின் பல்லுயிர்ப் பூங்காக்களில் இப்படித்தான் செய்கிறார்கள். வெட்டின முள் கிளைகளில் காய் இல்லையென்று பார்த்துவிட்டு அதையே கன்றுகளைச் சுற்றி வேலியாகப் போடுங்கள், நீல்காய் என்கிற பெரிய மானும் ஆடும் கிட்டே வராது. கீக்கர் செய்கிற உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

என்னென்ன நடலாம்? பெயர்களை மட்டும் எழுதினால் போதும், நர்சரியில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.
– வாசகர், மெஹ்ரோலி

பெயரை மட்டும் கொடுத்தால் நர்சரிக்காரர் "ஹாங் ஜி, யஹீ ஹை" (ஆமாங்க, இதேதான்) என்று கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுப்பார். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மரத்தைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள், புல்லில் ஆரம்பியுங்கள். சுத்தம் செய்த சரிவில் நீங்கள் ஒன்றும் விதைக்காவிட்டால் அடுத்த மழைக்கு உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும், அந்த இடத்தை முந்திப் பிடிப்பது புல்தான். கொழுக்கட்டைப் புல் இங்கே அஞ்சன் என்ற பெயரில் வளர்கிறது, ஊசிப்புல்லும் உண்டு. நர்சரிகளில் விதை சுலபமாகக் கிடைக்காது, மழை முடிந்து அக்டோபர், நவம்பரில் புல் முற்றும்போது சாலையோரத்திலும் காலி மனைகளிலும் உருவி எடுத்துத் துணிப்பையில் உலர வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஜூனில் முதல் மழைக்குச் சற்று முன்னால் மண்ணும் சாண எருவும் கலந்து, பட்டைகளில் மேலாகத் தூவி, காய்ந்த சருகைப் பரப்பிவிடுங்கள். எறும்பு பாதியைத் தூக்கிக்கொண்டு போகும், தாராளமாகவே தூவுங்கள். புல் பிடித்துவிட்டால் கௌதாரி வரும், அதன் கூப்பாட்டைக் காலை ஆறு மணிக்குக் கேட்டால் பூங்காவுக்கு நடக்க வருகிறவர்களே உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்து புதர்கள். ஆடாதோடையை ஆடு தொடாது, பெயரே சொல்கிறது, மழைக்காலத்தில் குச்சியை ஒடித்து நட்டாலும் பிழைக்கும், பாதையோரத்துக்கு அதுதான் முதல் தேர்வு. ஜட்பேரி, ஹீன்ஸ், இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகளாக நிற்கிற கைர், இந்த மூன்றும் முள் செடிகள், சரிவின் நடுவில் ஆள் போகாத இடங்களுக்கு. கைரையும் ஹீன்ஸையும் நம்பி வாழ்கிற வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன, செடி வந்தால் தேடிக்கொண்டு வந்துவிடும். கைர் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் பொறுமை போய்விடும், போகட்டும், நட்டு வையுங்கள்.

மரங்களில் புரசு, அதாவது இங்கத்திய டாக் அல்லது பலாஷ். மார்ச்சில் ஹோலிச் சமயத்தில் இலையில்லாமல் ஆரஞ்சாகப் பூத்து நிற்கும். அதன் காய் தட்டையாக, நுனியில் ஒரே ஒரு விதையோடு மே, ஜூனில் உதிரும். பழைய விதை முளைக்காது, விழுந்த சூட்டோடு நேராகச் சரிவிலேயே ஊன்றிவிடுங்கள், பையில் வளர்த்தால் அதன் நீண்ட ஆணிவேர் சுருண்டு கெட்டுப்போகும். வெளிர் பட்டை வெள்வேலம், இங்கே ரோஞ்ஜ், சுலபமாக வரும். வன்னி, ஹிங்கோட், கும்ட்டா எல்லாம் வறட்சி தாங்கும். அரவல்லிப் பாறைக்கே உரிய மரம் தௌ, ஆனால் அதன் விதையில் பெரும்பாலானவை வெறும் சக்கை, நன்றாகத் தெரிந்த நாற்றங்காலில் கன்றாகக் கிடைத்தால்தான் உண்டு. மழைக்காலத்தில் தில்லி வனத்துறை நாற்றங்கால்களில் இலவசக் கன்று தருகிறார்கள், அங்கே போய் அலங்காரச் செடிகளைத் தாண்டி இந்தப் பெயர்களை ஹிந்தியில் கேட்டுப் பாருங்கள்.

ஆள் உயரக் கன்று வேண்டவே வேண்டாம். முழங்கால் உயரம் போதும், சரிவில் அதுதான் பிழைக்கும். நடும்போது குழியின் கீழ்ப்பக்கம் மட்டும் பிறை வடிவில் மண் அணை போடுங்கள், மேலிருந்து ஓடி வரும் தண்ணீர் அதில் நின்று இறங்கும். கன்றைச் சுற்றிக் கல் அடுக்குங்கள். கரையானுக்குக் குழியில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு.

புங்கம், பூவரசு, புன்னை, நம் நாட்டு மரங்கள்தானே, ஊரிலிருந்து விதை கொண்டுவந்து இந்தச் சரிவில் நடலாமா?
– வாசகி, நொய்டா

பூவரசும் புன்னையும் கடலோரத்து மரங்கள், அவற்றைக் கொண்டுவந்து ஜனவரிக் குளிரில் பாறை மேல் நிறுத்துவது பாவம். புங்கம் தில்லித் தெருக்களில் நன்றாகவே வளர்கிறது, தெருவில் நடுங்கள். சரிவுக்கு வேண்டாம்.

மயூர் விகார் பூங்காவில் யமுனைப் பக்கமாக ஒரு மேடு இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே செடிகள்தானே?
– வாசகர், மயூர் விகார்

இல்லை. உங்கள் பக்கம் ஆற்று வண்டல், பாறையே கிடையாது, தௌவும் கைரும் உங்களுக்கு எதற்கு? யமுனைக் கரையில் தானாக வளர்கிற நாணல் வகைகள், கருவேலம், வெட்டிவேர் இவற்றைப் பாருங்கள். வெட்டிவேர் நமக்கு விசிறியும் பானைத் தண்ணீரும்தான், ஆனால் வட இந்திய ஆற்றுச் சமவெளிகளில் அது காட்டுப்புல். வேர் நேர் கீழாக ஆழம் போவதால் மேட்டில் தண்ணீர் ஓடும் தடத்துக்குக் குறுக்கே ஒரு வரிசை நட்டால் அரிப்பு நிற்கும். நல்ல வெயில் வேண்டும், முதல் சில மாதம் ஈரம் வேண்டும்.

ஒரு பெரிய கம்பெனி, ஒரே நாளில் நூறு ஊழியர்களை டீ-ஷர்ட்டோடு அனுப்புகிறேன், மியாவாக்கி முறையில் அடர்காடு போட்டுத் தருகிறேன் என்கிறது. செலவும் அவர்களுடையது. எங்கள் ஆர்.டபிள்யூ.ஏ.வுக்கு ஒரே சந்தோஷம். உங்கள் அபிப்பிராயம்?
– வாசகி, ஜனக்புரி

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியலாளர், அந்த ஊர் மழைக்கும் மண்ணுக்கும் அங்கே இயல்பாக இருந்த அடர்காட்டைத் திரும்பக் கொண்டுவர வழி கண்டுபிடித்தவர். இங்கே அதைச் செய்கிறவர்கள் நிலத்தை ஆழமாகத் தோண்டி, எரு கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று என்று நெருக்கி நடுகிறார்கள். அரவல்லிச் சரிவில் இயல்பாக இருப்பதோ புல்லும் புதரும் நடுநடுவே மரமுமான திறந்த காடு, அங்கே பெரும்பாலும் அப்படிப்பட்ட அடர்காடு இருந்ததில்லை என்கிறபோது எதைத் திரும்பக் கொண்டுவருகிறோம்? தோண்டினால் சரிவு நிற்காது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சமதளத்தில் சும்மா கிடக்கிற மூலை இருந்தால் அங்கே போட்டுக்கொள்ளட்டும், சரிவில் வேண்டாம்.

நூறு பேர் விஷயம். நூறு ஜோடி ஷூ ஒரே காலையில் ஈரச் சரிவில் ஏறி இறங்கினால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். வன மகோத்சவம் 1950-இல் கே.எம். முன்ஷி ஆரம்பித்து வைத்த நாளிலிருந்து ஜூலை முதல் வாரம் நம் தேசத்தில் குழி தோண்டிப் புகைப்படம் எடுக்கிற வாரம், அந்தக் கன்றுகளை அடுத்த ஜூலையில் யாரும் போய்ப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆனால் முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: சரிவின் அடிவாரத்தில் நின்று மல்பா மூட்டை கைமாற்றுவது, பிளாஸ்டிக் பொறுக்குவது, கீக்கர் காய் சேகரிப்பது. படமும் எடுத்துக்கொள்ளட்டும். பணம் தருவதாக இருந்தால், கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளுக்கு இரண்டு வருடச் சம்பளம் கேளுங்கள். அந்த இடத்தில்தான் சற்று யோசிப்பார்கள், கேட்டுத்தான் பாருங்களேன்.

போன வருடம் நட்டதில் முக்கால்வாசி ஜூன் மாதம் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் பள்ளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். இந்த முறை என்ன செய்வது?
– வாசகர், முனிர்கா

தில்லித் தமிழர்களின் தோட்டங்களுக்கெல்லாம் இதே கதைதான். மே நடுவில் பள்ளி மூடும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி.யிலும் இடம் போட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம், வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டு லூ என்கிற அனல் காற்று அடிக்கிற அந்த ஆறு வாரத்தில்தான் கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் எத்தனை கன்று நடலாம் என்பதைக் குழியை எண்ணி முடிவு செய்யாதீர்கள், ஜூனில் ஊரில் இருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடிவு செய்யுங்கள். ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் பத்துக் கன்றுக்குத்தான் சரிவில் வாளி தூக்க முடியும், அதுவே அதிகம். வசந்த் குஞ்ச் வாசகிக்கு நாற்பது என்றது, பதினைந்து பேரில் நாலு பேராவது ஜூனில் ஊரில் இருப்பார்கள் என்ற இந்தக் கணக்கில்தான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தையும் பிஹார்க்காரர் வீட்டையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பிஹார்க்காரர்கள் சட் பூஜைக்கு ஊருக்குப் போகும்போது நீங்கள் இருப்பீர்கள்.

கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை, கன்றுக்கு ஒரு வாளி, சாயங்காலம். தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும், அது செடிக்குச் செய்கிற துரோகம். ரோட்டோரத்தில் விற்கிற சின்ன மட்கா (மண்பானை) ஒன்றை அடியில் ஊசித் துளையிட்டுக் கன்றுக்குப் பக்கத்தில், மேல்பக்கமாகக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, கல்லால் மூடி வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். இரண்டு கோடை இப்படிப் பார்த்துக்கொண்டால் போதும், மூன்றாவதில் நிறுத்திவிடலாம், நிறுத்தத்தான் வேண்டும்.

இன்னொன்று, போய்விட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இந்தச் செடிகளில் பல வறட்சியிலும் குளிரிலும் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் இன்னும் கீழே, மண்ணை ஒட்டிச் சுரண்டுங்கள். மழை வந்து மூன்று வாரம் ஆகும் வரை எதையும் பிடுங்க வேண்டாம்.

கல்லூரி மாணவி நான். போன வாரம் வேலைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கையெல்லாம் தடிப்பு, அரிப்பு. புதரில் பாம்பு இருக்குமோ என்று அம்மாவுக்கு வேறு பயம்.
– வாசகி, கரோல் பாக்

தடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் பார்த்தீனியமாக இருக்கும், இங்கே காஜர் காஸ். தோல் டாக்டரிடம் காட்டிவிடும்மா, அது வரைக்கும் அந்தச் செடிப் பக்கம் போகாதே. சிலருக்கு ஒரு முறை ஒவ்வாமை வந்தால் அடுத்தடுத்த தடவை அதிகமாகும், அப்படிப்பட்டவர்களுக்கு விதை பிரிப்பது, கன்றுக் கணக்கு எழுதுவது என்று வேறு வேலை கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் பூ விடுவதற்கு முன்னால், முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசத்தோடு வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்ட செடியை உலுக்கினால் ஆயிரக்கணக்கில் விதை கொட்டும்.

பாம்பு இருக்கலாம், அம்மா பயப்படுவது நியாயம்தான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கம்பு, புதரில் கை விடும் முன் கம்பால் தட்டுவது, கல்லை உன் பக்கம் புரட்டாமல் எதிர்ப்பக்கம் புரட்டுவது, மழைக்காலத்தில் இருட்டும் முன் கிளம்பிவிடுவது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல் நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்கு. எந்த மருத்துவமனை, யார் வண்டி என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மீட்ட இடம் ஏதாவது நேரில் பார்க்க முடியுமா? எங்கள் குழுவில் நம்பாதவர்கள் நிறையப் பேர்.
– வாசகர், குருகிராம்

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. குருகிராமின் அரவல்லி பல்லுயிர்ப் பூங்கா, கல் உடைத்துக் குடைந்து போட்ட சுரங்க நிலம். 2010 வாக்கில் குடிமக்கள் அமைப்பும் மாநகராட்சியும் கம்பெனிகளும் சேர்ந்து ஆரம்பித்த வேலை, பள்ளிக் குழந்தைகள் உட்பட ஏராளமான தன்னார்வலர்கள் நட்டிருக்கிறார்கள். 2022-இல் காப்புக்காடுகளுக்கு வெளியே பல்லுயிரைக் காக்கும் இடம் என்ற சர்வதேச அங்கீகாரம் இந்தியாவிலேயே முதலாவதாக இதற்குக் கிடைத்தது. தில்லிக்குள் வசந்த் விகாரிலும் அரவல்லி பல்லுயிர்ப் பூங்கா என்று இன்னொன்று, அது டி.டி.ஏ.வும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மீட்டது, அதுவும் பழைய சுரங்கக் குழிகள்தான்.

மீட்காத மூலப் பிரதியைப் பார்க்க வேண்டுமென்றால் குருகிராம்-ஃபரீதாபாத் சாலைக்கு உள்ளே மாங்கர் பனி. நம் ஊர்க் கோயில்காடு மாதிரியே, குதரியா தாஸ் பாபா பெயரைச் சொல்லிச் சுற்றுக் கிராமத்தார் ஒரு கிளையைக்கூட ஒடிக்காமல் வைத்திருக்கும் தௌ காடு. ஆகஸ்டில் போனால் பச்சை, மே மாதம் போனால் செத்த காடு என்றே நினைப்பீர்கள். உங்கள் குழுவின் நம்பாத ஆசாமிகளை இரண்டு மாதத்திலும் ஒவ்வொரு முறை கூட்டிப் போங்கள். கிராமத்தாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும், விதை பொறுக்குவதாக இருந்தாலும் கேட்டுக்கொண்டே பொறுக்குங்கள். சாப்பாட்டு மூட்டையைக் காட்டுக்குள் பிரிக்க வேண்டாம், குரங்குகள் உண்டு.